காலி மனைப் பூக்களும் மழையும்: மதுரைப் புறநகரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும், அது நாகமலை புதுக்கோட்டையோ ஊமச்சிகுளமோ ஒத்தக்கடையோ அவனியாபுரமோ, வீடுகளுக்கு நடுவே எல்லைக்கல் நட்ட காலி மனைகள் கிடக்கின்றன. வாங்கிப் போட்டவர் வெளியூரில் இருப்பார். மனை தன் பாட்டுக்கு முளைத்து, பூத்து, காய்ந்து கொண்டிருக்கும். அதைக் கவனித்துப் பார்ப்பவர்களும், கவனிக்கலாமா என்று யோசிப்பவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

காலி மனையில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது? வெறும் புதர்தானே?

வீட்டுத் தோட்டத்துச் செடிக்கு நாம் குடத்தில் ஊற்றுகிறோம். வயலுக்கு வாய்க்கால் வருகிறது. மழையை மட்டுமே நம்பி நிற்கும் நிலம் என்று ஊருக்குள் மிச்சமிருப்பது காலி மனைதான். அதனால் மழை எப்போது வந்தது, எவ்வளவு இறங்கியது, நடுவில் எத்தனை நாள் ஏமாற்றியது என்பதெல்லாம் அங்கே செடியாகவும் பூவாகவும் தெரியும். ஆனால் இந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துதான் நம்ப வேண்டும். குப்பை கொட்டியவர், கிராவல் அடித்தவர், ரோடு போட்டவர் என்று பலரும் அதன் வாக்குமூலத்தை மாற்றியிருப்பார்கள்.

எந்த மாதத்தில் என்ன பூக்கும்?

ஆங்கில மாதத்தை விடத் தமிழ் மாதத்தில் சொல்வது சுலபம்.

மாசி, பங்குனியில் மனை வெளுத்துக் கிடக்கும். அப்போதும் கண்டங்கத்திரி தரையோடு தரையாகப் படர்ந்து ஊதாப் பூவைக் காட்டிக் கொண்டிருக்கும். முள்ளும் மஞ்சளுமாக பிரம்மதண்டு நிற்கும். எருக்கு எல்லா மாதமும் பூக்கும். அதை வைத்து மாதம் சொல்ல முடியாது.

சித்திரை, வைகாசியில் கோடை மழை. சித்திரைத் திருவிழாவை ஒட்டி இடியும் காற்றுமாக ஒரு மழை கொட்டினால் சில நாட்களில் சாரணை தலைகாட்டும். பின்னாலேயே நெருஞ்சி. ஒரு மாதத்துக்குள் நெருஞ்சி தன் சின்ன மஞ்சள் பூவை விரித்துவிடும். காலையில் போய்ப் பாருங்கள், ஐந்து இதழும் வெயிலைப் பார்த்து விரிந்திருக்கும். மாலையில் போனால் இதழ் உதிர்ந்த காம்புதான். 'எங்கள் மனையில் நெருஞ்சி பூப்பதே இல்லை' என்பவர்கள் பெரும்பாலும் வேலை முடிந்து சாயங்காலம் நடக்கப் போகிறவர்கள்.

ஆடியில் மேற்கே மலைக்கு அப்பால் மழை. நமக்கு வருவது காற்று மட்டும். கோடை மழைக்கு முளைத்ததெல்லாம் இந்தக் காற்றில் சுருளும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறோம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை ஆடி மாதத்து மனையில் கண்ணால் பார்க்கலாம்.

ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை தொடங்கும். பகலெல்லாம் புழுங்கி, நாலு மணிக்கு மேல் கருத்துக் கொண்டு வந்து அடிக்கும் மழை. அதற்குக் கானாவாழை நீலமாகப் பூக்கும், காலையில் மட்டும். கொழுஞ்சி சின்னச் சின்ன ஊதாப் பூக்களை வைக்கும். பட்டாசுக்காய்ச் செடி புனல் மாதிரி ஊதாப் பூவோடு மதில் ஓரமாக வரிசை கட்டும்.

ஐப்பசி, கார்த்திகைதான் நம் ஊருக்கு உண்மையான மழைக்காலம். வேலியில் முடக்கத்தான் ஏறும், கோவை ஏறும். நாகமலை அடிவாரம், அழகர்கோவில் சாலை மாதிரி இடங்களில் கள்ளி வேலிக்குள்ளிருந்து செங்காந்தள் எட்டிப் பார்க்கும். இந்த மாதங்களில் பூவை விட இலைதான் அதிகம். மனை முழுக்கப் பச்சை.

பூவின் உச்சம் மார்கழி, தை. மழை ஓய்ந்து பனி இறங்கும்போது தும்பை வெள்ளை வெள்ளையாக நிற்கும். தண்டைச் சுற்றி உருண்டையாகப் பச்சைக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வெள்ளை நாக்கு. ஒரு பூவை மெல்ல உருவி அடியை உறிஞ்சினால் துளி இனிப்பு. நாயுருவி வேட்டியில் ஒட்டும். ஆவாரை மஞ்சளாகக் குலுங்கும். குனிந்து தேடினால் விஷ்ணுகிரந்தியின் நீலப் பொட்டும் அகப்படும். மனையைப் பார்க்க ஒரே ஒரு மாதம்தான் நேரம் கிடைக்கும் என்றால் மார்கழிக் காலையைத் தேர்ந்தெடுங்கள். ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும்.

விதிவிலக்கு துத்தி. அதன் மஞ்சள் பூ விரிவது பிற்பகலுக்கு மேல். ஊமத்தை இன்னும் தாமதம், இருட்டும் நேரம்.

மழை பெய்த சில நாளில் முளைத்துவிடுகிறதே, அந்த விதை எங்கே இருந்தது?

மண்ணுக்குள்தான். போன வருடத்து விதை, அதற்கு முந்தின வருடத்து விதை எல்லாம் மேல்மண்ணில் கலந்து கிடக்கின்றன. ஆவாரை, கொழுஞ்சி மாதிரிச் செடிகளின் விதைக்குத் தோல் கெட்டி. எல்லா விதையும் ஒரே மழைக்கு முளைக்காது. கொஞ்சம் முளைக்கும், மீதி அடுத்த மழைக்குக் காத்திருக்கும். முதல் மழைக்கு முளைத்தது ஆடிக் காற்றில் செத்தாலும் வம்சம் அழியாது.

பட்டாசுக்காயை எடுத்துப் பாருங்கள். முற்றிக் காய்ந்த காய் ஒரு பழுப்பு நிறக் குச்சி போல இருக்கும். அதை எச்சில் தொட்டோ தண்ணீரில் போட்டோ ஒரு நிமிடம் கையில் வையுங்கள். 'டப்'பென்று இரண்டாகப் பிளந்து விதைகளை வீசி அடிக்கும். மதுரைப் பக்கம் வளர்ந்த எந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் சட்டைக்குள் இதைப் போட்டிருக்கும். காய்க்குள் இழுத்துக் கட்டிய விசை, ஈரம் பட்டதும் அவிழ்கிறது. மழை வரும் நேரம் பார்த்து விதை தரையில் விழ வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. விழுந்த விதையின் மேல்தோலும் நனைந்தவுடன் பிசுபிசுப்பாகி மண்ணைப் பிடித்துக் கொள்ளும். இந்தச் செடி நம் ஊர்ச் செடி அல்ல, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து வந்தது. வெட்டுக்காயப் பூண்டு என்கிற தாத்தாப்பூவும் அப்படியே. பிரம்மதண்டும் அப்படியே. வந்தவர்கள் நன்றாகவே குடியேறிவிட்டார்கள்.

மழைக்குச் சாட்சியாக எந்தச் செடியை எடுத்துக் கொள்ளலாம்?

ஆழமாக வேர் விட்டுப் பல வருடம் நிற்கும் செடிகள் இந்த மாதத்து மழையைப் பற்றி அதிகம் சொல்லாது. எருக்கு, ஆவாரை, கண்டங்கத்திரி எல்லாம் பழைய ஈரத்தில் காலம் தள்ளும். மூக்கிரட்டை ஒரு தூறலுக்கே பழைய கிழங்கு வேரிலிருந்து தளிர்த்துவிடும். அதைப் பார்த்து 'நல்ல மழை' என்று சொல்லிவிடக் கூடாது.

விதையிலிருந்து ஒவ்வொரு வருடமும் புதிதாக முளைக்கும் செடிகளை நம்பலாம்: சாரணை, நெருஞ்சி, கானாவாழை, தும்பை. இவற்றுக்கு மேல்மண் இரண்டு மூன்று நாளாவது ஈரமாக இருக்க வேண்டும். நம் விவசாயிகள் சொல்லும் 'ஒரு உழவு மழை' என்ற கணக்கு இதற்குச் சரியாகப் பொருந்தும். ஏர் இறங்கும் அளவுக்கு மண் நனைந்ததா என்பதுதான் கேள்வி. செடிக்கும் அதே கேள்விதான்.

மழையை வீட்டிலேயே அளக்க முடியுமா?

தாராளமாக. அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமுள்ள பாத்திரம் ஒன்று போதும். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், அது மேலே அகன்றிருக்கும், அளவு கூடுதலாகக் காட்டும். நேரான கண்ணாடி ஜாடியோ நேரான டப்பாவோ எடுத்து, மொட்டை மாடியில் மதில் நிழலும் தண்ணீர்த் தொட்டி நிழலும் விழாத இடத்தில், காற்றில் சாயாதபடி இரண்டு செங்கலுக்கு நடுவே வையுங்கள். தேங்கிய தண்ணீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்தால் அதுதான் மழையின் மில்லிமீட்டர். அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருந்தால் கொஞ்சம் சிமெண்ட் ஊற்றிச் சமப்படுத்திக் கொள்ளலாம்.

காலை எட்டரை மணிக்கு அளங்கள். வானிலைத் துறையின் மழைக் கணக்கும் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரைதான். நேற்றுச் சாயங்காலம் பெய்த மழை இன்றைய தேதியில் செய்தித்தாளில் வருவது இதனால்தான். இரண்டு நாள் விட்டு அளந்தால் வெயில் கொஞ்சம் குடித்துவிடும்.

ஒரு மில்லிமீட்டர் என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். ஒரு சென்ட் ஏறத்தாழ 40 சதுர மீட்டர். ஐந்து சென்ட் மனையில் 25 மி.மீ. பெய்தால் ஐயாயிரம் லிட்டர் இறங்கியிருக்கிறது. அது மண்ணுக்குள் போனதா, தெருவுக்கு ஓடியதா என்பதில்தான் செடியின் கதை இருக்கிறது.

குறித்து வைக்கத் தனி நோட்டு கூட வேண்டாம். மளிகைக் கடையில் தரும் மாதக் காலண்டரின் கட்டத்திலேயே எழுதலாம். மழை எத்தனை மி.மீ., எந்தச் செடி முளைத்தது, எது முதல் பூ வைத்தது, எது காய்ந்தது. இவ்வளவு போதும். பெய்யாத நாளில் மறக்காமல் பூஜ்யம் போடுங்கள். பெய்யாத நாட்களின் கணக்குதான் பின்னால் அதிகம் பயன்படும்.

என் மாடியில் 40 மி.மீ. செய்தித்தாளில் 6 மி.மீ. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். நம் ஊர் இடிமழை சில கிலோமீட்டர் அகலமுள்ள மேகத்திலிருந்து விழுவது. திருப்பரங்குன்றத்தில் தெரு ஆறாக ஓடும்போது தல்லாகுளத்தில் துணி காயப் போட்டிருப்பார்கள். மாவட்ட மழைப் பட்டியலில் மேலூர், சிட்டம்பட்டி, கள்ளந்திரி, வாடிப்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர் என்று ஊர் ஊராகப் போடுவதைக் கவனியுங்கள். ஒரே நாளில் ஓர் ஊரில் பூஜ்யமும் இன்னோர் ஊரில் ஐம்பதும் இருக்கும். உங்கள் தெரு மனைக்கு உங்கள் மாடி அளவுதான் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகிப் பெய்யும் அடைமழைக்கு இந்த வேறுபாடு குறையும், அது பரவலாகப் பெய்யும்.

'மழைக்காலமே மாறிப் போச்சு' என்கிறார்கள். பூவை வைத்து அதைச் சொல்ல முடியுமா?

பூவை மட்டும் வைத்து, ஒரு மனையை மட்டும் வைத்து, சொல்ல முடியாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கார்த்திகையில் ஒரு கொன்றை பூத்தால் கூட உடனே படம் எடுத்து 'இயற்கை எச்சரிக்கிறது' என்று அனுப்பிவிடுகிறார்கள்.

முதலில், சராசரி என்றால் என்ன என்று பார்ப்போம். மதுரையின் ஆண்டு மழை சுமார் 850 மி.மீ. அதில் பாதிக்கு நெருக்கமான பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. மீதி ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும், கோடை மழைக்கும் பிரிந்து போகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் அக்டோபர் 20ஐ ஒட்டி. ஆனால் சராசரி ஆண்டு என்று ஒன்று வந்ததே கிடையாது. ஒரு வருடம் முன்னால், ஒரு வருடம் பின்னால், ஒரு வருடம் ஏமாற்றம், ஒரு வருடம் வெள்ளம். இந்த ஏற்ற இறக்கம் நம் பகுதி மழையின் சுபாவம். ஓர் ஊரின் தட்பவெப்பம் இது என்று சொல்ல உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுக் கணக்கை எடுப்பது இதனால்தான்.

இரண்டாவது, எல்லாப் பூவும் மழையை மட்டும் பார்த்துப் பூப்பதில்லை. சில செடிகள் பகல் குறைவதையும் பார்க்கும். மதுரையில் ஆனி மாதத்துப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான வித்தியாசம்தான் உண்டு. அந்தச் சின்ன வித்தியாசமே அவற்றுக்குப் போதும். அப்படிப்பட்ட செடி மழை பிந்தினாலும் தன் காலத்தில் பூத்துவிடும். செடிதான் குட்டையாக இருக்கும், பூ கொஞ்சமாக இருக்கும். ஆகவே 'பூத்ததா' என்று மட்டும் எழுதாமல் 'எவ்வளவு உயரத்தில் பூத்தது' என்றும் எழுதுங்கள். முழங்கால், கணுக்கால், சாண் என்ற கணக்கே போதும்.

சரி, அப்படியென்றால் இதில் என்ன பயன்? மொத்த மழை எவ்வளவு என்பதை வானிலை நிலையம் நம்மை விட நன்றாகவே சொல்லும். மழை எப்படிப் பெய்தது, நிலத்துக்கு எப்படி உறைத்தது என்பதை மனை சொல்லும். ஒரே மாதத்தில் 150 மி.மீ. பெய்ததாக வைத்துக் கொள்வோம். பத்து நாளாகப் பிரிந்து பெய்தால் தும்பை முழங்காலைத் தொடும். இரண்டே நாளில் கொட்டிவிட்டு மூன்று வாரம் வானம் வெளுத்துக் கிடந்தால், முளைத்ததில் பாதி வாடிவிடும், அப்புறம் வரும் மழைக்கு இரண்டாவது தடவையாக முளைக்கும். ஒரே மனையில் பூத்த செடியும் அப்போதுதான் இரண்டு இலை விட்ட செடியும் சேர்ந்து நின்றால், நடுவில் ஒரு நீண்ட இடைவெளி விழுந்திருக்கிறது என்று பொருள். மழைமானியின் மாதக் கூட்டுத்தொகையில் இது தெரியவே தெரியாது.

ஆகவே காலண்டரில் இரண்டு கணக்கை மட்டும் வருடா வருடம் தனியாக எடுத்து வையுங்கள். ஒன்று, 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாட்களின் எண்ணிக்கை. வானிலைத் துறை அதைத்தான் 'மழை நாள்' என்று எண்ணுகிறது. இன்னொன்று, ஐப்பசி முதல் மார்கழி வரை மழை நாளே இல்லாமல் தொடர்ந்து போன மிக நீண்ட இடைவெளி. பத்து வருடம் கழித்து யாராவது 'முன்ன மாதிரி மழை இல்ல' என்றால் எடுத்துக் காட்ட ஏதாவது இருக்கும். 'கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை' என்ற பழமொழியை உங்கள் காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தனிச் சுவாரசியம்.

மனை வாங்கப் போகிறோம். செடியைப் பார்த்தே தண்ணீர் நிற்கும் இடமா என்று சொல்லிவிடலாமா?

ஓரளவுக்குச் சொல்லலாம். புரோக்கர் பங்குனியில்தான் கூட்டிப் போவார். தரை காய்ந்து வெடித்திருக்கும், எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். அப்போதும் காய்ந்த செடி நிற்குமே, அதைப் பாருங்கள்.

நீர்முள்ளி இருந்தால் யோசியுங்கள். கணுவுக்குக் கணு நீண்ட முள், மழைக்குப் பின் ஊதா நீலப் பூ, கண்மாய்க்கரைச் செடி. அதோடு பொடுதலை தரையில் பாய் விரித்திருந்தால், கரிசலாங்கண்ணி இருந்தால், கோரை அடர்ந்திருந்தால், மாதக்கணக்கில் ஈரம் நிற்கும் இடம் என்று கொள்ளலாம். சம்பு வளர்ந்திருந்தால் கேள்வியே வேண்டாம், அங்கே வருடம் முழுக்கத் தண்ணீர், பெரும்பாலும் சாக்கடைத் தண்ணீர். மாறாக ஆவாரை, கொழுஞ்சி, நெருஞ்சி, விஷ்ணுகிரந்தி இவை சேர்ந்து நின்றால் தண்ணீர் வடியும் மேட்டு நிலம்.

குறுக்கு விசாரணை இங்கேதான் வேண்டும். மனையை உயர்த்தக் கண்மாய்க் கரம்பை மண் அடித்திருந்தால், மண்ணோடு நீர்முள்ளி விதையும் லாரியில் வந்திறங்கியிருக்கும். மேட்டு மனையில் ஒரு வருடம் அது முளைத்துக் காட்டும், பிறகு நோஞ்சானாகிப் போய்விடும். புதிதாகக் கிராவல் அடித்த மனையில் நெருஞ்சியும் வெட்டுக்காயப் பூண்டும் வருவது நிலத்தின் குணத்தைக் காட்டாது, கிராவலின் குணத்தைத்தான் காட்டும். ஒரு செடியை வைத்து முடிவு கட்டாதீர்கள். மனையின் நடுவை விடப் பின்பக்க மூலையைப் பாருங்கள், லாரி மண் எட்டாத மூலையில் பழைய செடி இருக்கும். பக்கத்து மனைகளையும் பாருங்கள். மதிலில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் கரிசல் மண்ணாக இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். கரிசல் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும். தண்ணீர் தேங்காமலே பச்சை நிற்கும்.

இதெல்லாம் முதல் சந்தேகத்தை எழுப்பத்தான். கிராம வரைபடத்தில் அது கண்மாயா, ஓடையா, வாய்க்காலா என்று பார்ப்பதற்கு மாற்று இல்லை. அப்புறம் எதிர்வீட்டு அம்மாவிடம் 'ஐப்பசியில் தண்ணி எதுவரை நிக்கும்?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பத்து வருடமாக நிற்காத தண்ணீர் இப்போது நிற்கிறது. மழை கூடிவிட்டதா?

முதலில் ரோட்டைப் பாருங்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பப் போட்டுப் பல தெருக்கள் மனையை விட உயர்ந்துவிட்டன. முன்பு மனையிலிருந்து தெருவுக்கு வடிந்த தண்ணீர் இப்போது தெருவிலிருந்து மனைக்கு வருகிறது. பக்கத்தில் நாலு வீடு எழும்பி, வாசல் முழுக்க சிமெண்ட் போட்டிருந்தால் அவர்கள் வீட்டு மழையும் உங்கள் மனைக்கே. நெருஞ்சி இருந்த இடத்தில் கோரை வந்திருந்தால் காரணம் வானத்தில் இல்லாமல் போகலாம்.

அதே சமயம் கனமழையின் அடியையும் குறைத்துச் சொல்ல முடியாது. வானிலைத் துறைக் கணக்கில் ஒரு நாளில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வேகமாகக் கொட்டும் மழையை மண் குடிக்க நேரமிருக்காது, ஓடத்தான் செய்யும். அந்த நேரத்தில் அரை மணி நேரமாவது ஈரத்தைப் பிடித்து வைப்பது செடி மூடிய மண்தான். வழித்து எடுத்த மனையில் தண்ணீர் சேறாகக் கரைந்து சாக்கடையை அடைக்கும்.

மனை முழுக்க பார்த்தீனியம். அதுவும் காட்டுப்பூதானே, விட்டுவிடலாமா?

வேண்டாம். அது ஒவ்வாமையைக் கிளப்பும். தோல் அரிப்பு, தும்மல், சிலருக்கு மூச்சிரைப்பு. ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும், மழைக்கு எல்லோருக்கும் முந்தி முளைக்கும், தும்பைக்கும் துத்திக்கும் இடம் விடாது. பூ வைக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். பூத்த பிறகு வெட்டினால் விதையை நாமே பரப்பியது போலாகும். களைக்கொல்லி அடித்தால் மற்றதும் சேர்ந்து போகும். அடுத்த மழைக்கு முதலில் திரும்பி வருவதும் பார்த்தீனியமாகத்தான் இருக்கும்.

பாம்பு வருகிறது, சுத்தம் செய்யுங்கள் என்று அக்கம்பக்கத்தில் சண்டை. என்ன செய்யலாம்?

அவர்கள் பயம் நியாயம்தான். கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் நம் புறநகரில் உண்டு. ஆனால் பாம்பு வருவது எலிக்கு, எலி வருவது கொட்டிய சோற்றுக்கும் இடிபாட்டுக் குவியலுக்கும். குப்பையை முதலில் எடுங்கள். வீட்டு மதிலை ஒட்டி ஐந்தாறு அடி அகலத்துக்கு வெட்டிச் சுத்தமாக வைத்துக் கொண்டு, மிச்சத்தை மாசி வரை விட்டுவைக்கச் சொல்லிப் பாருங்கள். அதற்குள் தும்பை விதை உதிர்ந்துவிடும். ஜேசிபி வைத்து வழிப்பதற்குப் பதில் ஆள் வைத்து அறுத்தால் மேல்மண்ணும் அதிலுள்ள விதையும் தப்பும். மனைக்காரரின் ஒப்புதல் இல்லாமல் எதுவும் செய்ய வேண்டாம்.

பார்க்கப் போகிறவர்கள் தெருவில் நின்றே பார்க்கலாம், ஓரத்திலேயே முக்கால்வாசிச் செடி இருக்கும். உள்ளே இறங்குவதானால் ஷூ போட்டுக் கொள்ளுங்கள். பாம்பை விட பீர் பாட்டில் துண்டுதான் நிச்சயமாக இருக்கும்.

செடியின் பெயர் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பூ, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், காய் என்று நாலு படம் எடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் மாதிரியான செயலியில் ஏற்றினால் ஒரு பெயர் சொல்லும், தெரிந்தவர்கள் திருத்துவார்கள். அதற்கு முன் தெருவில் ஆடு மேய்க்க வருபவரிடம் கேளுங்கள். எதை ஆடு தின்னும், எதைத் தொடாது என்பதையும் சேர்த்துச் சொல்வார். செயலி அதைச் சொல்லாது.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

கட்டாயம். எருக்கிலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள். கறுப்பு மஞ்சள் வெள்ளை வரியோடு ஒரு புழு இருந்தால் அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியாகப் போகிறது. முதல் மழைக்குப் பின் சிவப்பு வெல்வெட்டாகத் தம்பலப்பூச்சி ஊர்ந்தால் அந்தப் பிள்ளைக்கு அன்று வேறு எதுவும் வேண்டாம். எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது. ஊமத்தங்காயும் செங்காந்தள் கிழங்கும் விஷம், வாயில் வைக்கக் கூடாது. இதை மட்டும் முன்பே சொல்லி வையுங்கள்.

பொங்கலுக்குக் காப்புக் கட்ட மனையில் பறிக்கலாமா?

பறிக்கலாம். வேப்பிலை, ஆவாரம்பூ, கூரைப்பூ என்று நாம் சொல்லும் சிறுபீளை மூன்றையும் போகியன்று கட்டாகக் கட்டி விற்கிறார்கள். காசு கொடுத்து வாங்கும் அதே பீளை பின்தெரு மனையில் சும்மா நிற்கும். வேரோடு பிடுங்காமல் மேல்கொத்தை மட்டும் கிள்ளுங்கள். வருடா வருடம் போகியன்று பீளையின் உயரத்தைக் காலண்டரில் எழுதி வைத்தால், அந்த ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அதுவும் ஒரு குறிப்பு. தேதி மாறாமல் வருவதால் ஒப்பிட வசதி.

கஷாயத்துக்கும் கீரைக்கும் மட்டும் மனையில் பறிக்காதீர்கள். சாக்கடை, நாய், களைக்கொல்லி, பழைய பேட்டரி எல்லாம் அந்த மண்ணில் உண்டு.

நான் பார்த்து வந்த மனையில் வீடு கட்டப் போகிறார்கள். இனி என்ன?

அஸ்திவாரம் தோண்டும் முன் கடைசியாக ஒரு முறை நான்கு மூலையிலிருந்தும் படம் எடுத்து வையுங்கள். தும்பை, துத்தி, விஷ்ணுகிரந்தி விதை முற்றியிருந்தால் உதிர்த்துத் தொட்டியில் போடலாம். முளைப்பதற்கு உத்தரவாதம் கிடையாது. குறிப்பை நிறுத்தாமல் அடுத்த மனைக்கு மாற்றுங்கள், ஆனால் இடம் மாறியதைக் காலண்டரில் எழுதுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மனையின் கணக்கும் கலந்துவிடும். புது வீட்டின் தரைமட்டம் ரோட்டை விட எத்தனை அடி உயரம், மாடித் தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள். வரும் ஐப்பசியில் பக்கத்து மனையில் கோரை கூடினால் காரணத்தை அங்கிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும்.